பதினாறு அங்குலம்

ஒரு கப்பலின் கீழ்த்தளத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த படம் அது. முதல் பார்வைக்குக் கப்பலின் வடிவமும், அதற்குள் தீப்பெட்டிக் குச்சிகளாய் அடுக்கிய கோடுகளும்தான் தெரியும். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுவந்தால் ஒவ்வொரு குச்சிக்கும் தலை இருக்கும், கால் இருக்கும், இடுப்பில் ஒரு துண்டு இருக்கும். அத்தனை பேரும் ஆப்பிரிக்காவிலிருந்து விற்பனைக்குக் கொண்டுபோகப்பட்ட மனிதர்கள். கப்பலின் பெயர் புரூக்ஸ். சொந்த ஊர், அன்று அடிமை வணிகத்தில் கொழித்த லிவர்பூல்.

அடிமை வணிகத்தை ஒழிக்க 1787 மே மாதம் லண்டனில் ஜேம்ஸ் பிலிப்ஸின் அச்சுக்கூடத்தில் பன்னிரண்டு பேர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். பெரும்பாலோர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். குழுவுக்காகத் துறைமுகம் துறைமுகமாக அலைந்து மாலுமிகளிடம் சாட்சியம் திரட்டியவர் தாமஸ் கிளார்க்சன். லிவர்பூல் கடையொன்றில் கைவிலங்கையும் விரல் நசுக்கும் திருகையும் காசு கொடுத்து வாங்கிவந்தார். ஆனால் வணிகர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் தரப்பில் சாட்சி சொன்ன ராபர்ட் நோரிஸ், அடிமைகள் தங்குமிடம் சாம்பிராணியும் எலுமிச்சைச் சாறும் மணக்கும் என்றார். ஆட்டம் பாட்டு எல்லாம் உண்டென்றார். கடலையே பார்த்திராத நாடாளுமன்ற உறுப்பினர் இதில் யாரை நம்புவது?

வழக்கைத் திருப்பியது அளவுகோல். 1788இல் அரசாங்கம் கடற்படைக் கேப்டன் பாரியை லிவர்பூலுக்கு அனுப்பிக் கப்பல்களை அளக்கச் சொன்னது. அளந்தவற்றில் புரூக்ஸும் ஒன்று. அந்த எண்கள் பிளிமத் ஊரின் ஒழிப்புக் குழுவிடம் வந்துசேர்ந்தன. வில்லியம் எல்ஃபோர்டு தலைமையில் இருந்த அந்தக் குழுதான், 1788 முடியும் தறுவாயில், எண்ணைப் படமாக்கியது.

அடுத்த ஆண்டு லண்டன் குழு அதை விரிவாக்கிச் செதுக்கச் செய்தது. மேல்பார்வை, பக்கவாட்டுப் பார்வை, குறுக்குவெட்டு என்று கப்பல் கட்டுபவர்கள் வரையும் முறையிலேயே எல்லாம் இருந்தன. வளர்ந்த ஆணுக்கு ஆறடி நீளம், பதினாறு அங்குல அகலம். சிறுவனுக்கு ஐந்தடி, பதினான்கு அங்குலம். தளத்துக்கும் கூரைக்கும் நடுவே பரண்போல் பலகை அடித்து, அதிலும் ஆட்களைக் கிடத்தியிருப்பது குறுக்குவெட்டில் தெரிந்தது. எழுந்து உட்காரவும் முடியாத உயரம்.

சாட்டையோ இரத்தமோ படத்தில் எங்கும் இல்லை. இருந்திருந்தால், மிகைப்படுத்துகிறார்கள் என்று வணிகர்கள் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டிருப்பார்கள். ஒரு கப்பலில் எத்தனை அடிமைகளை ஏற்றலாம் என்று வரம்பு கட்டி 1788இல் வந்த டோல்பன் சட்டம் புரூக்ஸுக்கு அனுமதித்தது 454 பேர். வரைந்தவர்கள் அந்தச் சட்டக் கணக்கை ஒட்டியே ஆட்களைக் கிடத்திக் காட்டினார்கள். அதற்கே தளம் நிரம்பி வழிந்தது. சட்டம் வருமுன் இதே கப்பல் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றிப் போனது என்பதைப் படத்துக்குக் கீழே எழுத்தில் சேர்த்தார்கள். மிச்சக் கணக்கைப் பார்ப்பவரே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அரசாங்கம் அளந்த அளவை யார் மறுக்க முடியும்?

லண்டன் குழு ஆயிரக்கணக்கில் அச்சடித்துப் பரப்பியது. வீட்டுச் சுவர்களில் மாட்டினார்கள். ஒழிப்புக்காக நாடாளுமன்றத்தில் வாதாடிய உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் இதை மரத்தில் மாதிரியாகச் செய்து நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். கிளார்க்சன் படத்தைப் பாரிசுக்கு எடுத்துச் செல்ல, அங்கே பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மிராபோவும் ஒரு மாதிரி செய்யச் சொன்னார். ஆனாலும் 1791 வாக்கெடுப்பில் அடிமை வணிக ஒழிப்புத் தீர்மானம் 88க்கு 163 என்று தோற்றது. மறு ஆண்டே வணிகத்தை எதிர்த்து 519 மனுக்கள் நாடாளுமன்றத்தில் குவிந்தன. வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807இல் வந்தது. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டத்துக்கு 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படத்திலும் ஒரு குறை உண்டு. அதில் கிடப்பவர் எவருக்கும் தனி முகமில்லை, பெயரில்லை, வாய் திறந்து பேச இடமில்லை. இரக்கம் பிறக்கலாம், அந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வழியில்லை. லண்டன் படம் வந்த அதே 1789இல் அந்தக் குறையைத் தீர்த்தவர், ஒரு காலத்தில் அடிமையாக விற்கப்பட்டு, பின்பு தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிய ஒலாடா இக்குவியானோ. தம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் அவரே விற்றார். அவர் உயிரோடு இருக்கும்போதே அது ஒன்பது பதிப்பு கண்டது.