வெல்டிங் சூடும் ஒரு கணக்கும்

ஆம்பூரில் டேனரி பாய்லரைப் பார்க்காத ஆள் குறைவு. வெல்டிங் சரியில்லை என்றால் பல நேரம் விரிசல் விடுவது பற்றவைத்த கோட்டில் அல்ல, அதை ஒட்டிய இடத்தில். தடித்த தகடு சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். சீக்கிரம் ஆறிய எஃகு இறுகி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். பாய்லரில் அப்படி நடந்தால் உயிரே போகும்.

அந்தச் சூடு ஓடும் விதத்தை 1941-இல் டேனியல் ரோசென்தால் கணக்காக்கினார். நகர்ந்து போகும் ஒரே புள்ளியில் மொத்தச் சூடும் இறங்குவதாக வைத்துக்கொண்டார். தாளிலேயே போட்டுவிடலாம். ஆனால் அந்தப் புள்ளியில் வெப்பம் எல்லையில்லாமல் ஏறிவிடும். எஃகோ சுமார் 1,500 டிகிரியிலேயே உருகிவிடுகிறது!

ராணிப்பேட்டை பெல்லை நம் பக்கத்தார் அறிவார்கள். அதற்கு மூத்த திருச்சி பெல்லில் 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அக்காலத்தில் சோதனைத் துண்டைப் பற்றவைத்து, அறுத்துப் பார்ப்பதே பெரும்பாலும் வழி.

1984-இல் கனடாவின் ஜான் கோல்டாக் குழு, சூட்டை முட்டை வடிவில் பரப்பிக் காட்டியது. முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம். தகட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சூட்டையும் கணத்துக்குக் கணம் கம்ப்யூட்டர் கணக்கிடும். கையால் போட்டால் ஆயுள் போதாது.

அது சொன்னது சரியா என்று பார்க்க, இன்றும் தகட்டில் தெர்மோகப்பிள் கம்பியை ஒட்டித்தான் அளக்கிறார்கள். வெல்டர்கள் கையில் சாக்பீஸ் மாதிரி ஒரு குச்சி இருக்கும். பற்றவைக்கும் முன் தகட்டைச் சூடாக்கி, அதனால் ஒரு கோடு இழுப்பார்கள். வேண்டிய சூடு வந்திருந்தால் கோடு உருகும்.