நண்டு ஓட நட்ட நெல்

நெல்லுக்கு நண்டு ஓட, கரும்புக்கு நரி ஓட, வாழைக்கு வண்டி ஓட, தென்னைக்குத் தேர் ஓட இடைவெளி வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் என் சிறு வயதில் எங்கள் ஊர் வயல்களில் நண்டு நுழையக்கூட இடமிருக்காது. குத்துக்கு நாலைந்து நாற்று. நெருக்கி நட்டால்தான் கண்டுமுதல் கூடும் என்று நம்பினோம்.

இந்த நம்பிக்கையை அசைத்தவர் ஒரு பாதிரியார். பிரான்சு நாட்டு இயேசு சபைத் துறவி ஹென்றி டி லொலானி 1961-ல் மடகாஸ்கர் போனார். அங்கேயும் சோறுதான் உணவு. குடியானவர்களோடு வயலில் நின்று இருபது வருடங்களுக்கு மேல் கவனித்தார். 1983-84 பருவத்தில் 15 நாள் நாற்றையே பிடுங்கி நட நேர்ந்தது. அந்த இளநாற்று கட்டிய தூர்களைக் கண்டு அவரே வியந்தார். ஒற்றை இளநாற்று, 25 செ.மீ. சதுரம், காய்ச்சலும் பாய்ச்சலும் என்று அந்த முறை உருவானது.

கணக்குப் பாருங்கள். 15-க்கு 10 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 66 குத்து. 25-க்கு 25-ல் வெறும் 16. ஆனாலும் வெளிச்சமும் வேருக்கு இடமும் தாராளமாகக் கிடைப்பதால், ஒவ்வொரு குத்தும் பல மடங்கு தூர் விட்டு ஈடு கட்டுகிறது. ஏக்கருக்கு 3 கிலோ விதையே போதும்.

2000-க்குப் பிறகு இது 'திருந்திய நெல் சாகுபடி' என்று நம்மூருக்கு வந்தது. என் அண்ணன் ஒரு மா நிலத்தில் மட்டும் செய்தார். நட்ட அன்று வயல் வெறும் சேறாகத் தெரிந்தது. "குடும்பத்துக்குச் சோறு வேண்டாமா?" என்று அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பது நாளில் வரிசை மூடியது. அறுப்பன்று அம்மா ஒரு குத்தைப் பிடுங்கி, வாசலில் வைத்துக் கதிர்களை எண்ணினார்.

சும்மா இடைவெளி விட்டால் மட்டும் விளையாது. வெளிச்சம் விழும் இடத்தில் களையும் முளைக்கும். கோனோவீடர் உருட்டத்தான் வேண்டும். லொலானி 1995-ல் காலமானார். அவர் முறையில் வந்ததாகச் சொல்லப்பட்ட பெரும் விளைச்சல்களை விஞ்ஞானிகள் சிலர் ஏற்கவில்லை. ஆள் கிடைக்காமல் அண்ணனும் பிறகு விட்டுவிட்டார். ஆனால் குத்துக்கு நாலைந்து நாற்று வைக்கும் பழைய பழக்கத்துக்கு மட்டும் அவர் திரும்பவே இல்லை.