சென்னை ஃபேஜ்கள்

பாக்டீரியாவைத் தொற்றி அதற்குள்ளேயே பெருகும் வைரஸ் பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ். காசநோய்க் கிருமி அடங்கிய மைக்கோபாக்டீரியம் பேரினத்தைத் தொற்றும் ஃபேஜ்களில் செ8, செ9சி, செ9டி, செ12 ஆகியவை சென்னையில் பிரித்தெடுக்கப்பட்டவை; பெயரின் முன்னெழுத்து ஊரைக் குறிக்கிறது. சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தின் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வுகளில் இவற்றுக்கு முக்கிய இடம் உண்டு.

ஃபேஜைப் பிடிக்கும் முறை எளிது. கல்லூரி முதலாண்டு மாணவருக்கும் கைவரும். கெங்கவல்லிப் பாக்குத் தோப்பின் ஈர மண் ஒரு பிடி இருந்தாலும் தேடலைத் தொடங்கலாம். மண்ணை உப்புக்கரைசலில் கலக்கி, பாக்டீரியா நுழைய முடியாத 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிக்கிறார்கள். காசநோய்க் கிருமி ஆபத்தானது, வளரவும் வாரக்கணக்கில் ஆகும். ஆகவே அதன் தீங்கற்ற உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸை வடிநீருடன் சேர்த்து அகார் தட்டில் ஊற்றுகிறார்கள். ஓரிரு நாளில் தட்டெங்கும் பாக்டீரியா படர்ந்திருக்க, நடுவே சில வட்டங்கள் மட்டும் வெறுமையாகத் தெரியும். ஃபேஜ் கொன்ற இடங்கள் அவை. ஒரு வட்டத்தைத் தொட்டெடுத்து மீண்டும் மீண்டும் வளர்த்தால்தான் கலப்பில்லாத ஃபேஜ் கிடைக்கும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுவே. பின்னர் மின்னணு நுண்ணோக்கியில் தலை, வால் அளவுகளைப் பார்ப்பது, டிஎன்ஏ வரிசையைப் படிப்பது, மரபணுக்களை அடையாளம் காண்பது.

வட்டம் தெளிவாக இருந்தால் ஃபேஜ் கொல்லும் வகை. மங்கலாக இருந்தால், தன் டிஎன்ஏவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டு உறங்கக்கூடிய மிதவாத வகையாக இருக்கலாம். சென்னை மண்ணில் கிடைத்த செ12 இரண்டாம் வகை. காசநோய்க் கிருமிக்குள்ளேயே இப்படி உறங்க வல்லது என்பதே அதன் சிறப்பு. மின்மினியின் ஒளிர்மரபணுவை இதனுள் பொருத்தி, உயிருள்ள கிருமி இருந்தால் ஒளி தரும் நோயறி கருவியை மையத்தினர் உருவாக்கினர்.

செ8, செ9சி, செ9டி மூன்றின் மரபணுத் தொகுதிகளும் 2003இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஹாட்ஃபுல் குழு வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்றன; அதே ஆய்வில் பள்ளி மாணவர்கள் தேடிப் பிடித்த ஃபேஜ்களும் உண்டு. அந்த மாணவர் முயற்சியே 2008இல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவில் கல்லூரித் திட்டமாக விரிந்தது.

செ9சி வேறொரு வழியில் பெயர் பெற்றது. அதன் இரு புரதங்களைக் கொண்டு மைக்கோபாக்டீரியாவின் டிஎன்ஏவைத் திருத்தும் முறை 2007இல் வெளியாயிற்று. விரைவில் ஃபேஜ்களையே திருத்தவும் அது பயன்பட்டது. மருந்துகளுக்கு அடங்காத மைக்கோபாக்டீரியம் அப்செஸ்ஸஸ் தொற்றால் அவதிப்பட்ட 15 வயது நோயாளிக்கு லண்டனில் மூன்று ஃபேஜ்களைக் கலந்து சிகிச்சை அளித்ததாக 2019இல் அறிவிக்கப்பட்டபோது, உறங்கும் தன்மையை நீக்கி இரண்டை வீரியமாக்க உதவியது இந்த முறைதான். மூன்றாவது ஃபேஜான மடி (Muddy), தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்தில் கண்டெடுத்தது. நோயாளியின் புண்கள் ஆறத் தொடங்கின, கல்லீரல் செயல்பாடு மேம்பட்டது. தொற்று முழுதாக ஒழியவில்லை.