ஆளில்லாக் கப்பல்

விடியோ விளையாட்டைப் படமாக்கும் ஆசை புதிதல்ல. 1993-ல் ஹாலிவுட்டார் சூப்பர் மாரியோவைப் படமாக்கிக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2023-ல் அதே மாரியோ கார்ட்டூனாக வந்து நூறு கோடி டாலருக்குமேல் வசூலித்தான். நான் திரையில் காண விரும்புவது வேறொன்று. அமெரிக்கர் லூக்காஸ் போப் 2018-ல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'.

கதை கற்பனைதான். ஆனால் கப்பல், நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது! 1802-ல் லண்டனை விட்டுப் புறப்பட்டது, 1807-ல் ஃபால்மத் துறைமுகத்துக்கு ஆளில்லாமல் மிதந்து வருகிறது. நஷ்டக் கணக்கெடுக்கக் கம்பெனி அனுப்பும் இன்ஸ்பெக்டர் நாம்தான். கையில் ஓர் அதிசயக் கடிகாரம். எலும்புக்கூட்டருகே திறந்தால், அந்த மனிதன் மாண்ட கணம் கண்முன் உறைந்து நிற்கும். அறுபது பேரின் கதியையும் பெயரோடு எழுதியாக வேண்டும்.

காப்டனை அடையாளம் காண்பது சுலபம். சாதாரண மாலுமி யாரென்று அறியத்தான், அவன் படுத்த தூளியின் எண்ணைக்கூடத் தேட வேண்டியிருக்கிறது. பயணத்தின் ஆரம்பத்திலேயே நோயில் சாகும் இருவரும் இந்தியர்கள். சரித்திரத்திலும் லஸ்கார்கள் என்ற நம் மாலுமிகள், வெள்ளையரைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அக்கப்பல்களில் உழைத்தவர்கள் அல்லவா?

படமெடுப்பவர் காப்டனையே கதாநாயகனாக்கிவிடுவாரோ என்பதுதான் என் கவலை. நானாயிருந்தால் அந்தத் தூளிகளிலிருந்து தொடங்குவேன்.