குறிசுட்ட மாடும் இலக்கமிட்ட சைக்கிளும்

காலை ஏழு மணியளவில் கொக்குவிற் சந்தியில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி தவறாது கிடைக்கும். காங்கேசன்துறை வீதி வழியே வெள்ளுடை தரித்த மாணவரும் மாணவியரும் துவிச்சக்கரவண்டிகளில் அணியணியாகச் செல்வர். மோட்டார்ச் சைக்கிள் மலிந்துவிட்ட இந்நாளிலும் பள்ளிப் பிள்ளைக்கு வாகனம் சைக்கிளே.

சில ஆண்டுகளுக்கு முன் எனது பாடசாலையில் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவன் ஒருவன், மாலை வகுப்புக்குச் சென்ற இடத்தில் தன் வண்டியை இழந்தான். ‘தன் வண்டி’ என்பது முழு உண்மையன்று. விடிகாலையில் அதே வண்டியிலேதான் அவன் தந்தையார் சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்வார். ஏழு மணிக்குள் திரும்பி வந்து மகனிடம் ஒப்படைப்பார். ஆகவே, ஒரு சைக்கிள் போயிற்று என்றபோது ஒரு வீட்டின் வருமானமும் ஒரு பிள்ளையின் படிப்பும் ஒருங்கே நடுவீதியில் நின்றன. 1948 ஆம் ஆண்டில் இத்தாலிய நெறியாளர் விட்டோரியோ டி சிக்கா எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் திரைப்படத்தை நேயர்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் வேண்டுமென்பதற்காகப் படுக்கை விரிப்புக்களை அடகிலிட்டு வண்டியை மீட்டவன், முதல் நாளிலேயே அதைப் பறிகொடுக்கும் கதை அது. உரோமாபுரியின் துயரம் எமக்கு அந்நியமாகத் தோன்றாமைக்குக் காரணம் இருக்கிறது.

முறைப்பாடு செய்யத் தந்தையாருடன் நானும் பொலிஸ் நிலையத்துக்குச் சென்றேன். கடமையிலிருந்த உத்தியோகத்தர் மரியாதையுடனேயே கேட்டார்: “சேர், சைக்கிளின் இலக்கம் தெரியுமா?” வண்டி கறுப்பு என்பதை அறிவோம், பின்சில்லில் ஒரு கம்பி வளைந்திருந்ததையும் அறிவோம். இலக்கத்தை மட்டும் தந்தையும் அறியார், மகனும் அறியான், நானும் அறியேன்.

அந்தக் கேள்வி எம்மவர்க்குப் புதியதன்று. சைக்கிள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, களவுபோன மாட்டைத் தேடிச் சென்றவனிடம் விதானையார் கேட்டதும் அதுவே: “குறி என்ன?” தோட்டத்தை உழுவதற்கும் துலா இல்லாத இடத்திற் கமலை இழுப்பதற்கும் வண்டியிற் பூட்டுவதற்கும் எருதையே நம்பியிருந்த காலத்தில், மாட்டுத் திருட்டு ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதையும் அழிக்க வல்லதாயிருந்தது. அதற்குக் கண்ட மருந்து குறிசுடுதல். உரிமையாளனைக் காட்டும் அடையாளத்தை மாட்டின் உடலிலேயே இட்டு, அதற்கொரு சீட்டும் வழங்கினர். விற்பவன் சீட்டையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மிருகங்கள் சட்டமும் இந்தக் குறியையும் சீட்டையும் விடாது பேணிற்று.

இதிலுள்ள நுட்பத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். குறி மாட்டைக் கட்டி வைப்பதில்லை. இரவில் வேலியைப் பிரித்து மாட்டை ஓட்டிச் செல்பவனை அது தடுக்கவும் மாட்டாது. அது தடுப்பது விற்பனையை. திருடிய பொருளை வாங்க ஆளில்லையெனில் திருடுவதனால் ஆகும் பயன் யாது? உயிருக்கு இரக்கமுள்ளோர் சூட்டுக்கோலை வெறுப்பர், நானும் வெறுப்பவனே. ஆயினும் அதன் பின்னிருந்த யோசனை கூரியது.

1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி, இரு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவான வண்டியைச் செய்தார். 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியர் டன்லொப் தம் மகனின் முச்சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரயரைப் பொருத்தினார். இவ்விரண்டும் சேர்ந்தே இன்றைய சைக்கிளாயின. பின்னர் றலியும் ஹம்பரும் எம் ஒழுங்கைகளுக்கு வந்தபோது, அவற்றோடு ஒரு புதிய சங்கடமும் வந்தது. தன் மாட்டை ஆயிரம் மாடுகளுக்கிடையிலும் முகம் பார்த்து அறிவான் உழவன். தொழிற்சாலையிற் பிறந்த கறுப்பு வண்டிகளோ ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பவை. முகமற்ற பொருளுக்கு இலக்கமே முகம். ஆதலின் ஆசனத்தின் கீழோ, மிதிகட்டையின் அச்சுப் பொருந்துமிடத்தின் அடியிலோ தொழிற்சாலையார் ஓர் இலக்கத்தைப் பொறித்தனர். நம்மிற் பெரும்பாலோர் ஒருநாளேனும் குனிந்து பார்த்திராத இலக்கம் அது!

உள்ளூராட்சி மன்றங்களும் தம் பங்குக்கு வருடாந்தம் அனுமதி வழங்கி, வண்டியிற் பூட்டச் சிறு தகடு கொடுத்து வந்தன. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலும் சைக்கிளுக்கு வரி உண்டு: சொந்தப் பாவனைக்கு 4 ரூபா, வியாபாரத்துக்கு 18 ரூபா. அதே அட்டவணையில் யானைக்கு 50 ரூபா. யானையைத் திருடிச் சென்றார் என எவரும் முறைப்பட்டதை நான் கேட்டதில்லை. தகடு பூட்டிய சைக்கிளைக் காண்பதும் இன்று அரிதாகிவிட்டது. வரியை வாங்குவதில் நட்டமென்று கருதுவோர், அத்தகடு ஒரு சாட்சியாகவும் இருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். ஜப்பானில் 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் திருட்டுத் தடுப்புக்காகப் பதிவு செய்தல் சட்டப்படி கட்டாயம்.

இலக்கத்தைவிடப் பழைய காவல் இன்னொன்றும் உண்டு, அது கண். கொக்குவில் சுருட்டுத் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றையோர் கை ஓயாது சுருட்டுச் சுற்றுவர். கை புகையிலையிலும் காது செய்தியிலும் இருக்க, கண் மட்டும் வீதியில் இருக்கும். இன்னாரின் வண்டியில் இன்னொருவர் போனால், “தம்பி, உது ஆற்றை சைக்கிள்?” என்ற கேள்வி எழாமற் போகாது. இதனை வெறும் பழமைப் பெருமையென எண்ணவேண்டாம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சைக்கிள் நிறுத்துமிடங்கள் மூன்றில் உற்றுநோக்கும் கண்களின் படத்தையும் ஓர் எச்சரிக்கையையும் மாட்டினர். அவ்விடங்களிற் திருட்டு 62 வீதம் குறைந்தது. ஆனால் படம் மாட்டாத ஏனைய இடங்களில் 65 வீதம் கூடிற்று! கண்ணுக்கு அஞ்சிய திருடன் திருந்தவில்லை. கண் இல்லாத இடத்துக்குப் போனான்.

எமக்குச் சைக்கிளின் அருமையைக் கற்பித்தது 1990 இன் பின் வந்த காலம். புகையிரதம் நின்றது, பெற்றோல் கிட்டாதாயிற்று. நோயாளியும் நெல்மூடையும் மணப்பெண்ணும் சைக்கிளிலேயே சென்றனர். வண்டியை நிறுத்தி வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து எழுந்த மின்னால் வானொலி கேட்டதை என் வயதொத்த நேயர்கள் மறந்திரார். இரவில் வண்டியை வீட்டினுள்ளே எடுத்துப் படுக்கையருகில் வைப்போம். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நானும் ஏறமுடியாத வண்டியை நாவற்குழிப் பாலம்வரை உருட்டியே சென்றேன். மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டிற் பற்றுச்சீட்டு இல்லை. ஆயினும் வண்டி என்னிடம் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். திருடிய பொருளென அறிந்தே வாங்குபவனும் குற்றவாளியே. பாதி விலைக்கு, சீட்டில்லாது, அந்திப்பொழுதில் வரும் வண்டியை “எனக்கென்ன” என்று வாங்கும் கண்ணியவான்கள் நம் ஊரில் இல்லையா? திருடனை வைவதில் முன்னிற்போரும் அவர்களே.

அந்த மாணவனின் வண்டி திரும்பவில்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து வேறொன்று வாங்கிக் கொடுக்கும்வரை ஏழு வாரம் அவன் நடந்தே வந்தான்.

அதன்பின் ஒவ்வோராண்டும் முதற்தவணை தொடங்கும் வாரத்தில் எங்கள் பாடசாலை முற்றத்திற் சைக்கிள்களைத் தலைகீழாக நிறுத்துகிறோம். மாணவர் இருவர் மண்ணெண்ணெய் தோய்த்த துணியாற் துருவைத் துடைக்க, ஒருவர் இலக்கத்தை உரத்து வாசிக்க, நான் பதிவேட்டில் எழுதுகிறேன். சென்ற முறை ஒரு சிறுவனின் வண்டியில் எவ்வளவு துடைத்தும் இலக்கம் தெரியவில்லை. அது அவன் பேரனார் ஓட்டிய பழைய றலி. ஆசிரியர் ஒருவர் ஆணியும் சுத்தியலும் எடுத்து, அவன் பெயரின் முதலெழுத்தையும் சேர்விலக்கத்தையும் அதிற் பொழிந்து கொடுத்தார். பெயரெழுத்துச் சற்றுக் கோணலாகிவிட்டது. அதுவும் ஓர் அடையாளந்தான் என்று சொல்லிச் சிறுவன் வண்டியை நிமிர்த்தி எடுத்துச் சென்றான்.