நீர்நாய்க்குக் குடுத்தார்கள், திறைசேரிக்கு இல்லை

வருமான வரி கட்டுற வயசு எங்களுக்கு இன்னும் வரேல்ல. இருந்தாலும் அமெரிக்க வரிப் படிவங்களில் உள்ள ஒரு சின்னக் கட்டத்தின் கதையை எழுதாமல் விட மனமில்லை. "சட்டப்படி கட்ட வேண்டியதைவிடக் கூடத் தாறீங்களா?" என்று கேட்கிற கட்டம் அது.

அங்கே பெரும்பாலான மாநிலங்கள் மத்திய அரசுக்குப் புறம்பாகத் தாங்களும் வருமான வரி அறவிடுகின்றன. சம்பளத்தில் கூடுதலாக வெட்டிய காசு பிறகு மீளளிப்பாகத் திரும்பி வரும். அந்த மீளளிப்பில் கொஞ்சத்தை வேட்டையாடப்படாத காட்டுயிர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று 1977இல் கொலராடோ ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்த வழியில் முதலில் போன மாநிலம் அதுதான்.

ஏன் "வேட்டையாடப்படாத"? 1937ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி மாநிலங்களின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. வேட்டை அனுமதிக் கட்டணமும் அப்படித்தான். மானுக்குக் காசு இருந்தது, ஏனென்றால் அதைச் சுடுகிறவர்கள் கட்டினார்கள். நீர்நாய்க்கும் வல்லூறுக்கும் அப்படி யாருமில்லை. அந்தக் குறையைத்தான் இந்தக் கட்டம் நிரப்பப் பார்த்தது. சனமும் குடுத்தது. மற்ற மாநிலங்களும் பின்னால் வந்தன. பிறகு சிறுவர் துஷ்பிரயோகத் தடுப்பு, மறதிநோய் ஆராய்ச்சி என்று பட்டியல் நீண்டது. கலிபோர்னியாவில் பல நிதியங்களுக்கு வருடத்துக்கு 250,000 டொலர் என்ற எல்லை வைத்தார்கள். அது சேராவிட்டால் படிவத்திலிருந்து பெயர் போய்விடும். ஒரு நோய் தன் இடத்தைக் காப்பாற்ற வருடா வருடம் பிரபலமாக இருக்க வேணும் என்பது கொஞ்சம் கொடுமைதான்.

பொதுத் திறைசேரிக்கே கேட்டபோது கதை மாறியது. 2000 நவம்பரில் மசாசூசெட்ஸ் வாக்காளர்கள் 5.85 வீத வருமான வரியைப் படிப்படியாக 5 ஆக்க வாக்களித்தார்கள். அதன்பின் பழைய வீதத்திலேயே கட்ட விரும்புபவர்களுக்கென்று படிவத்தில் ஒரு கட்டம் வந்தது. தெரிவு செய்தவர்கள் மிகச் சிலரே. 2001இல் ஆர்கன்சா ஆளுநர் மைக் ஹக்கபி, வரியைக் கூட்டச் சொன்னவர்களின் வாயை அடைக்க "என்னிடம் கூட வரி எடு" என்ற பெயரில் ஒரு நிதியத்தையே திறந்தார். அடுத்த வருடம் வேர்ஜீனியாவிலும் அப்படியொன்று வந்தது.

"பாருங்கோ, வரி கேட்கிறவையே குடுக்கேல்ல" என்பதுதான் கேலி. எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. வரி வருமானம் 50,000 டொலர் உள்ள ஒருவர் 5.3க்குப் பதிலாக 5.85 வீதம் கட்டினால், கூடப் போவது 275 டொலர். அதை வைத்து ஒரு ஆசிரியரைக்கூட நியமிக்க ஏலாது. வரியைக் கூட்டச் சொன்னவர் கேட்டது எல்லோரும் சேர்ந்து கட்டுவதை. அவருக்குக் கிடைத்தது தனியாகக் கட்டும் உரிமை. நீர்நாய்க்கான காசோ தனியாகப் போனாலும் எங்கே போகிறது என்று தெரியும்.

மசாசூசெட்ஸின் வரி 2020இல் ஒருவாறு 5 வீதத்துக்கு வந்து சேர்ந்தது. 5.85 கட்டம் அதற்குப் பிறகும் படிவத்தில் இருந்தது.