பவர் வால்வு: வீட்டில் கட்டும் ரேடியோ பெருக்கிக்கான தேர்வும் பாதுகாப்பும்

பவர் வால்வு என்பது ரேடியோ அதிர்வெண் சிக்னலின் திறனைப் பல மடங்கு உயர்த்தி ஏரியலுக்கு அனுப்பும் வெற்றிடக் குழாய். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் சொந்தமாகக் கட்டும் லீனியர் பெருக்கிகளில் இது இன்றும் பயன்படுகிறது. 100 வாட் டிரான்சீவர் தரும் சிக்னலை 500 வாட்டுக்கோ அதற்கு மேலோ ஏற்ற ஒன்றிரண்டு வால்வுகளே போதும். அமெரிக்காவில் அமெச்சூர்களுக்கான பொது உச்சவரம்பு 1,500 வாட்.

பின்னணி

அமெச்சூர்களாகவே வளர்ந்த வில்லியம் ஐட்டலும் ஜாக் மெக்கல்லோவும் 1934-இல் கலிபோர்னியாவின் சான் புரூனோவில் ஈமாக் நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னாளில் பெருக்கிகளில் புகழ்பெற்ற 3-500இசட், 4சிஎக்ஸ்250பி, 3சிஎக்ஸ்1500ஏ7 ஆகியவை அங்கு உருவானவை. சோவியத் நாட்டின் ஜியு, ஜிஐ வரிசை வால்வுகளும் பிற்காலத்தில் உலகெங்கும் பரவின.

வால்வின் பெயரே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். 3சிஎக்ஸ்1500ஏ7 என்பதில் 3 என்பது கேத்தோடு, கிரிட், அனோடு என மூன்று மின்முனை கொண்ட டிரையோடு. சி என்பது செராமிக். எக்ஸ் என்பது காற்றில் குளிரும் வெளி அனோடு. 1500 என்பது அனோடு தாங்கும் வெப்பத்தின் வாட் அளவு. சோவியத் பெயர்களில் கடைசியில் வரும் ‘பி’, காற்றை ஊதிக் குளிர்விக்கும் வகையைக் குறிக்கும்.

வெப்பக் கணக்கு

தேர்வின் முதல் அளவுகோல் அனோடின் வெப்பத் தாங்குதிறன். பெருக்கிக்குள் செல்லும் நேர்மின் திறனில் ஏரியலுக்குப் போகாத பகுதியில் பெரும்பங்கு அனோடில் வெப்பமாகிறது. அனோடுக்கு 3,000 வோல்ட் கொடுத்து 400 மில்லி ஆம்பியர் இழுத்தால் உள்ளீடு 1,200 வாட். 60 விழுக்காடு செயல்திறனில் இயங்கினால் 720 வாட் வெளியேறும்; மீதி 480 வாட் அனோடைச் சுடும். 500 வாட் தாங்கும் ஒற்றை 3-500இசட்டுக்கு இது எல்லையை ஒட்டிய சுமை. பேச்சில் இடைவெளிகள் உண்டு என்பதால் சராசரி வெப்பம் குறையும். டியூனிங்கின்போதும் டிஜிட்டல் முறைகளிலும் அந்த இடைவெளி கிடைக்காது. கணக்கை அவற்றுக்கே போட வேண்டும்.

வகைகள்

கண்ணாடி டிரையோடுகள் தொடக்கக்காரருக்கு ஏற்றவை. 811ஏ 65 வாட், 572பி 160 வாட், 3-500இசட் 500 வாட் வெப்பம் தாங்கும். இவற்றில் ஃபிலமென்ட்டே கேத்தோடு. சூடேறச் சில விநாடிகள் போதும். கிரிட்டைச் சேசிஸோடு இணைத்துக் கேத்தோடில் சிக்னல் கொடுக்கும் ‘கிரவுண்டட் கிரிட்’ முறையில் இவை நிலையாக இயங்கும். டெட்ரோடுகளில் உள்ள ‘ஸ்கிரீன்’ எனும் இரண்டாம் கிரிட் இவற்றில் இல்லாததால் அதற்குத் தனி மின்வழங்கி தேவையில்லை.

செராமிக் டிரையோடுகள் சிறிய உடலில் பெரிய திறன் தருபவை. ஆனால் கேத்தோடைத் தனி ஹீட்டர் சூடாக்குவதால் காத்திருக்க வேண்டும். 3சிஎக்ஸ்1500ஏ7-க்கு மூன்று நிமிடம். நான்கு மின்முனை கொண்ட டெட்ரோடுகளில் ஜியு-74பி, 4சிஎக்ஸ்250பி, 813 ஆகியவை நன்கு அறியப்பட்டவை. கட்டுப்பாட்டுக் கிரிட் வழியே ஓட்டினால் டிரைவ் எனப்படும் உள்ளீட்டுச் சிக்னல் மிகக் குறைவாகவே போதும். அதற்கு ஈடாக, நிலையான ஸ்கிரீன் மின்வழங்கியும் கூடுதல் காவலும் கேட்கும்.

வால்வை விலை பேசும் முன் அதற்குரிய சாக்கெட், காற்றைச் செலுத்தும் சிம்னி, ஹீட்டர் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவை கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். 3-500இசட்டின் ஃபிலமென்ட்டுக்கு 5 வோல்ட்டில் 14.6 ஆம்பியர் வேண்டும். கம்பி சற்று மெலிந்தாலும் வோல்ட் விழுந்துவிடும்.

ஹீட்டரும் காற்றும்

ஹீட்டர் வோல்ட்டைச் சாக்கெட்டின் முனையிலேயே அளக்க வேண்டும். குறித்த அளவிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. ஆக்சைடு கேத்தோடு போதிய சூடில்லாமல் மின்னோட்டம் தந்தால் அதன் மேற்பூச்சு கெடும். குளிர்ந்த ஃபிலமென்ட்டின் மின்தடை மிகக் குறைவாதலால், சுவிட்ச் போட்டதும் பாயும் மின்னோட்டம் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கும். ஒரு ரெசிஸ்டர் வழியே தொடங்கி, சிறிது நேரத்தில் ரிலே மூலம் அதை விலக்குவது நல்ல ஏற்பாடு.

செராமிக் வால்வின் உலோக இணைப்புகள் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஹீட்டர் எரியும்போதே ஊதுவிசிறி ஓட வேண்டும். அணைத்த பின்னும் சில நிமிடம் ஓட வேண்டும். விசிறி நின்றால் மின்சாரத்தைத் துண்டிக்கக் காற்றோட்டச் சுவிட்ச் ஒன்று அவசியம்.

அனோடின் நிறத்தையும் வால்வுக்கு ஏற்பவே படிக்க வேண்டும். ஈமாக் 3-500இசட்டின் அனோடு முழுச் சுமையில் சிவந்து ஒளிர்வது இயல்பு. உள்ளே எஞ்சிய வாயுவை ஈர்க்கும் பூச்சு அந்தச் சூட்டில்தான் வேலை செய்கிறது. 811ஏ-யின் அனோடு சிவந்தால் அது மிகைச்சுமை.

கிரிட்டின் காவல்

வால்வின் மிக மென்மையான உறுப்பு கிரிட். 3-500இசட்டின் அனோடு 500 வாட் தாங்க, கிரிட் 20 வாட் மட்டுமே தாங்கும். 3சிஎக்ஸ்800ஏ7-இல் அனோடின் 800 வாட்டுக்கு கிரிட் தாங்குவது வெறும் 4 வாட். ஏரியல் கழன்றாலோ, லோடிங் குறைந்தாலோ, அனோடு மின்சாரம் போய் டிரைவ் மட்டும் தொடர்ந்தாலோ எலக்ட்ரான்கள் கிரிட்டை நோக்கித் திரும்பும். அதன் மெல்லிய கம்பிகள் நொடிகளில் கெடலாம். ஆகவே கிரிட் மின்னோட்டம் எல்லை தாண்டிய கணமே டிரைவைத் துண்டிக்கும் மின்னணு ரிலே தேவை. சாதாரண ஃப்யூஸ் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

டெட்ரோடில் ஸ்கிரீனுக்கும் இதே ஆபத்து உண்டு. அனோடு மின்சாரம் இல்லாதபோது ஸ்கிரீனுக்கு வோல்ட் போகவே கூடாது. ஹீட்டர், கிரிட் பயாஸ், அனோடு, ஸ்கிரீன் என்பதே இயக்கும் வரிசை. அணைக்கும்போது ஸ்கிரீன் முதலில் போக வேண்டும்.

உட்பொறியும் வேண்டா அலைவும்

நெடுநாள் கிடந்த வால்வில் வாயு தேங்கி, உயர் வோல்ட் கொடுத்ததும் உள்ளே பொறி பாயலாம். 3,000 வோல்ட்டில் உள்ள 50 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் 225 ஜூல் ஆற்றலைத் தாங்கி நிற்கிறது. அது முழுவதும் வால்வுக்குள் பாய்ந்தால் கிரிட் தப்புவது அரிது. உயர் மின்னழுத்தக் கம்பியில் 25 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்தால் பொறியின் மின்னோட்டம் 120 ஆம்பியருக்கு மேல் போகாது. ஆற்றலில் பெரும்பகுதியை ரெசிஸ்டரே ஏற்கும். பழைய வால்வைப் பயன்படுத்தும் முன் ஹீட்டரை மட்டும் பல மணி நேரம் எரியவிட்டு, பிறகு குறைந்த அனோடு வோல்ட்டில் தொடங்குவது நல்லது. கண்ணாடி வால்வின் உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் கெட்டர் பூச்சு வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அது இனி உதவாது.

மிக உயர் அதிர்வெண்ணில் தானாக எழும் அலைவும் வால்வைக் கெடுக்கும். ஏறத்தாழ 50 முதல் 100 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே சில சுற்றுக் கம்பிச்சுருளை இணைத்து அனோடு முனையருகே வைப்பது அதற்கான வழக்கமான தடுப்பு.

இயக்குபவரின் பாதுகாப்பு

வால்வுக்கு மாற்று உண்டு. கட்டுபவரின் உயிருக்கு இல்லை. பெட்டியைத் திறந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், கப்பாசிட்டர்களை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டர், தொடும் முன் உயர் மின்னழுத்த முனையைச் சேசிஸோடு இணைத்துப் பார்க்கும் காப்புக் கைப்பிடிக் கம்பி ஆகிய மூன்றும் எப்பெருக்கிக்கும் கட்டாயம். பிளீடர் ரெசிஸ்டர் பழுதாகியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

காவல் சுற்றுகளை வால்வு இல்லாமலே சோதிக்க முடியும். சிறு மின்வழங்கியால் கிரிட் மீட்டர் வழியே எல்லை மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தினால் ரிலே விழ வேண்டும். விசிறியின் வாயை மூடினால் ஹீட்டர் அணைய வேண்டும். இவை பலமுறை தவறாமல் நடந்த பிறகே வால்வைச் சாக்கெட்டில் பொருத்த வேண்டும்.